பூனைக்குத் தெள்ளு மருந்தும் குடற்புழு மருந்தும்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பூனைக்குத் தெள்ளு மருந்தோ குடற்புழு மருந்தோ வாங்கச் செல்பவர், கடைக்காரர் எடுத்து நீட்டும் பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படிக்க வேண்டும். அது எந்தப் புழுவைக் கொல்லும், எத்தனை நாள் வேலை செய்யும், எந்த வயதிலிருந்து கொடுக்கலாம், பூனையின் உயிருக்கு ஆபத்து உண்டா என்பவை எல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தவை. நம் ஊர்க் கடைகளில் நாய்க்கான மருந்துகள் நிறைந்திருக்க, பூனைக்கென்றே வருபவை குறைவாக இருப்பதால், “நாய்க்குப் போடுவதில் பாதி போட்டால் போதும்” என்ற ஆலோசனை கேட்காமலேயே கிடைத்துவிடுகிறது. பூனையின் கல்லீரல் நாயின் கல்லீரலைப் போல எல்லா மருந்துகளையும் சிதைத்து வெளியேற்றுவதில்லை என்பதால், அந்த ஆலோசனை சில மருந்துகளில் வீண் செலவாகவும், சில மருந்துகளில் உயிரிழப்பாகவும் முடிகிறது.

எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

தெள்ளுப்பூச்சியைக் கண்ணால் கண்டால்தான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். பூனை தன் உடலை நாள் முழுவதும் நக்கிச் சுத்தம் செய்வதால், ஏறிய தெள்ளுகளில் பலவற்றை அதுவே விழுங்கிவிடும். ஆகவே ஒரு தெள்ளும் கண்ணில் படாத பூனைக்கும் தெள்ளுத் தொல்லை இருக்கலாம். நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால், பேன் சீப்பே போதும், கழுத்தின் பின்புறத்திலும் வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயும் தோலைத் தொடும்படி வாரிப் பாருங்கள். சீப்பில் வரும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டினால், வெறும் மண் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால், அது செரித்த இரத்தம் என்பதால், சிறிது நேரத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவும். கழுத்திலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் சிறு சிறு பொருக்குகள் தட்டுப்படுவதும், வயிற்றிலும் தொடையிலும் முடி நக்கி நக்கிக் குறைந்துபோவதும் தெள்ளுக்கடி ஒவ்வாமையின் அடையாளங்கள். அத்தகைய பூனைக்கு அரிப்பு தொடரச் சில கடிகளே போதும்.

குடற்புழுக்களில் கண்ணுக்கு எளிதில் தெரிவது நாடாப்புழு. அதன் துணுக்குகள் அரிசி மணி அளவில் வெண்மையாக வாலடியிலும் மலத்தின் மேலும் இருக்கும். புதியவை சுருங்கி விரிந்து நகர்வதைக்கூடக் காணலாம். காய்ந்தவை மஞ்சள் பூத்துச் சிறுத்து, பூனை படுக்கும் துணியில் ஒட்டிக் கிடக்கும். உருண்டைப்புழு பெரும்பாலும் குட்டிகளின் தொல்லை: வயிறு மட்டும் உப்பி உடல் இளைத்திருப்பது, முடி பொலிவிழப்பது, சில வேளை வாந்தியிலேயே பல சென்டிமீட்டர் நீளத்தில் வெளிறிய புழு வருவது. கொக்கிப்புழு கண்ணுக்குத் தெரிவது அரிது. அது குடலில் இரத்தம் குடிப்பதால் ஈறுகள் வெளிறும், மலம் கருக்கும். ஐயம் இருந்தால் அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் சென்று கால்நடை மருத்துவரிடம் நுண்ணோக்கிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆனால் நாடாப்புழுவின் முட்டைகள் துணுக்குக்குள்ளேயே அடைந்திருப்பதால் அந்தப் பரிசோதனையில் அவை தவறிப்போவதுண்டு. துணுக்கை நீங்கள் நேரில் பார்த்திருந்தால், அதைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுவது அதைவிட உறுதியான சான்று.

தெள்ளும் நாடாப்புழுவும் ஒரே தொல்லையின் இரு முனைகள்

பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நாடாப்புழு தெள்ளின் வழியாகத்தான் வருகிறது. வெளியேறிய துணுக்கிலிருந்து சிந்தும் முட்டைகளைத் தெள்ளின் புழுப்பருவம் தின்கிறது; அந்தத் தெள்ளு வளர்ந்து பூனையின் மேல் ஏறி, நக்கும்போது விழுங்கப்பட்டதும், நாடாப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ மூன்று வாரத்தில் மீண்டும் துணுக்குகளை உதிர்க்கத் தொடங்குகிறது. மாத்திரை கொடுத்த அடுத்த மாதமே துணுக்குகள் திரும்ப வந்தால், “மருந்து வேலை செய்யவில்லை” என்று வேறு பிராண்டுக்குத் தாவுவதில் பயன் இல்லை. மருந்து அன்றைக்கு இருந்த புழுவைக் கொன்றுவிட்டது. புதிதாக விழுங்கிய தெள்ளு புதிய புழுவைக் கொண்டுவந்திருக்கிறது. எலி பிடிக்கும் பூனைகளுக்கு எலியின் வழியாக வேறொரு வகை நாடாப்புழுவும் வரும். அதற்குத் தெள்ளு மருந்து உதவாது, வேட்டையாடும் வழக்கத்தைக் கணக்கில் கொண்டு மாத்திரையை அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. மாத்திரையாகக் கொடுக்கும் பெரும்பாலான குடற்புழு மருந்துகள் மூன்று மாதத்துக்குக் காவல் நிற்பவை அல்ல. இன்று கொடுத்தால் இன்று குடலில் உள்ளவை அழியும்; நாளை மறுநாள் பூனை ஒரு தெள்ளையோ எலியையோ விழுங்கினால் தொற்று மறுபடியும் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு, புழுக்கள் பெருகித் தீங்கு செய்யும் அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கான இடைவெளி மட்டுமே.

பூனைக்கு ஆகவே ஆகாதவை

எதை வாங்குவது என்பதைவிட எதை வாங்கக் கூடாது என்பது இந்த விஷயத்தில் முக்கியமானது. பெர்மெத்ரின் என்ற பெயர் மூலப்பொருள் வரிசையில் இருந்தால் அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. நாய்களுக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இது பாதிக்குக் குறையாத செறிவில் இருக்கிறது. நாயின் கல்லீரல் இதைச் சிதைத்துவிடும். பூனையின் கல்லீரலில் அதற்குரிய நொதியின் செயல்பாடு மிகக் குறைவு என்பதால் மருந்து உடலிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. பெயர் ஒற்றுமையிலும் ஆபத்து உண்டு: அட்வான்டேஜ் என்பது இமிடாக்ளோப்ரிட் மட்டும் கொண்ட, பூனைக்கும் தயாரிக்கப்படும் மருந்து, அட்வான்டிக்ஸ் என்பது அதோடு பெர்மெத்ரினும் சேர்ந்த, நாய்க்கு மட்டுமான மருந்து. உச்சரிப்பில் ஓர் எழுத்துக்கும் இன்னோர் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஓர் உயிர் போகலாம்.

நாயும் பூனையும் ஒரே பாயில் படுக்கும் வீடுகளில், நாய்க்கு இத்தகைய மருந்தைப் போட்டாலும் பூனை அதன் உடலை நக்கியோ உரசியோ பாதிப்புக்குள்ளாகும். அங்கே நாய்க்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்க வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவையும் பூனையின் உடலில் படக் கூடாது. கிராமப்புற வீடுகளில் மாட்டு உண்ணிக்கென்று வாங்கி வைத்த டெல்டாமெத்ரின் குப்பியிலிருந்து சில துளிகளை நீரில் கலந்து பூனையைக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு. அதைக் கண்டிப்பாகக் கைவிட வேண்டும். நாயின் உண்ணிக்குத் தரும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. ஃப்ளூமெத்ரின் மட்டும் ஒரு விதிவிலக்கு: இமிடாக்ளோப்ரிடுடன் சேர்த்துப் பூனைக்கென்றே அனுமதி பெற்ற கழுத்துப்பட்டையில், மெதுவாகக் கசியும் சிறிய அளவில் அது பயன்படுகிறது. மூலப்பொருள் எதுவென்றே அச்சிடாமல் விற்கும் மலிவான வாசனைக் கழுத்துப்பட்டைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தவறிப் பெர்மெத்ரின் பட்டுவிட்டால் காது துடிப்பது, முகத் தசை வெட்டுவது, எச்சில் வடிவது என்று தொடங்கி உடல் நடுக்கமும் வலிப்பும் சில மணி நேரத்தில் வரலாம். ஒரு நாள் கழித்தும் வருவதுண்டு. அறிகுறிக்காகக் காத்திராமல், பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு மருந்து பட்ட இடத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, துவாலையில் சுற்றி, மருந்தின் அட்டையோடு உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சூடான நீரில் கழுவினால் தோல் மருந்தை மேலும் உறிஞ்சும். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவுவதில் நேரத்தைச் செலவிடாமல் நேரே புறப்பட வேண்டும். பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றக் கூடாது.

வீட்டு வைத்தியங்களில் பூண்டு பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஃபினைல், டெட்டால் போன்ற கிருமிநாசினிகளும் அந்துருண்டையும் நஞ்சு. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நறுமண எண்ணெய்களைத் தடவினால் பூனை நக்கி விழுங்கிவிடும். மனிதர்களுக்கான அல்பெண்டசோல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் தவறு: பூனையின் எலும்பு மஜ்ஜையை அது பாதிக்கக்கூடும்.

தெள்ளு மருந்துகளில் எது யாருக்கு

பூனைக்கான சொட்டு மருந்துகளில் பரவலாகக் கிடைப்பது ஃபிப்ரோனில். இது தோலின் எண்ணெய்ப்பசையோடு கலந்து உடல் முழுவதும் பரவித் தெள்ளையும் உண்ணியையும் கொல்லும். அதனால்தான் போடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக் கூடாது என்கிறார்கள். இதோடு எஸ்-மெத்தோப்ரீன் சேர்ந்த மருந்து கிடைத்தால் அதையே வாங்குங்கள். தெள்ளு இடும் முட்டைகள் பொரிந்து வளராமல் அது தடுக்கும். குடற்புழு எதையும் ஃபிப்ரோனில் தொடாது.

செலாமெக்டின் வேறு வழியில் வேலை செய்கிறது. தோலின் வழியே இரத்தத்தில் கலந்து, தெள்ளு, காதுச் செள்ளு, உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதோடு, கொசுவால் பரவும் இதயப்புழுவையும் தடுக்கும். மாதம் ஒரு முறை போட வேண்டும். இமிடாக்ளோப்ரிடும் மாக்ஸிடெக்டினும் சேர்ந்த சொட்டு மருந்தும் ஏறத்தாழ இதே பரப்பை உள்ளடக்கும். ஆனால் மாக்ஸிடெக்டினை நக்கி விழுங்கினால் பாதிப்பு வரும் என்பதால், ஒன்றையொன்று நக்கும் பல பூனைகள் உள்ள வீட்டில் காயும் வரை தனித்தனியே வைக்க வேண்டியிருக்கும். இவை இரண்டுமே நாடாப்புழுவுக்குப் பயன்படா. “இதைப் போட்டால் எல்லாப் புழுவும் போய்விடும்” என்று சொல்லி விற்கப்படும்போது, நாடாப்புழுவும் அடங்குமா என்று கேட்டு, பிராசிகுவாண்டல் என்ற பெயர் அட்டையில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஐவர்மெக்டின் ஊசிக்கும் இதே கேள்வி பொருந்தும்: நாடாப்புழுவை அது கொல்லாது, தெள்ளுக்கு நம்பத்தகுந்த மருந்தும் அல்ல, அளவு மிஞ்சினால் குட்டிகளுக்கு நரம்புப் பாதிப்பைத் தரும்.

தெள்ளு மொய்த்துக்கொண்டிருக்கும் பூனைக்கு உடனடி நிவாரணம் வேண்டுமானால் நைட்டன்பைரம் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். ஆனால் ஒரு நாளுக்குள் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஃப்ளூராலேனர் போன்ற ஐசாக்சசோலின் குடும்ப மருந்துகள் நீண்ட நாள் நிற்கும். இக்குடும்ப மருந்துகளால் சில விலங்குகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. முன்பு வலிப்பு வந்த பூனையாக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இவற்றைப் போட வேண்டாம்.

என் கணிப்பில், தெள்ளுத் தொல்லை உள்ள பெரும்பாலான வீட்டுப் பூனைகளுக்கு மாதந்தோறும் செலாமெக்டினும், இடையிடையே பிராசிகுவாண்டலும் என்ற இணை போதுமானது. உண்ணியும் ஏறும் தோட்டத்துப் பூனைக்கு ஃபிப்ரோனில் கலவையும், மூன்று வகைக் குடற்புழுவையும் கொல்லும் மாத்திரையும் பொருத்தம்.

குடற்புழு மாத்திரையும் எடைக் கணக்கும்

பூனைக்கான மாத்திரைகளில் வழக்கமான கூட்டு, 20 மி.கி. பிராசிகுவாண்டலும் 230 மி.கி. பைரன்டெல் எம்போனேட்டும், ஒரு மாத்திரை 4 கிலோ எடைக்கு. முதலாவது நாடாப்புழுவுக்கு, இரண்டாவது உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும். நாய் மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 10 கிலோ நாய்க்கான வழக்கமான மாத்திரையில் 50 மி.கி. பிராசிகுவாண்டலும் 144 மி.கி. பைரன்டெல் எம்போனேட்டும் 150 மி.கி. ஃபெபான்டெலும் இருக்கும். 4 கிலோ பூனைக்கு அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்தால் பிராசிகுவாண்டல் 20 மி.கி. சரியாகக் கிடைக்கும், பைரன்டெலோ 58 மி.கி. அளவில்தான் சேரும். பூனைக்கு வேண்டியதில் அது நான்கில் ஒரு பங்கு. நாடாப்புழு போய்விடும், உருண்டைப்புழு தங்கிவிடும், வீட்டார் மருந்து கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள்.

எடையைக் கண்ணளவில் மதிப்பிடக் கூடாது. பூனையை ஏந்திக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டையும் கழித்தால் கிடைத்துவிடும். சிறு குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தில் அமர்த்தி கிராம் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனெனில் 600 கிராம் குட்டிக்கும் 900 கிராம் குட்டிக்கும் மருந்தின் அளவு ஒன்றல்ல.

குட்டிகளுக்கு உருண்டைப்புழு தாய்ப்பாலின் வழியாகவே வந்துவிடும். ஆகவே மூன்று வார வயதில் தொடங்கி, பால்குடி மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், அதன்பின் ஆறு மாத வயது வரை மாதம் ஒரு முறையும் குடற்புழு நீக்கம் செய்வது ஐரோப்பிய ஒட்டுண்ணி வல்லுநர் குழுவின் பரிந்துரை. இந்த வயதுக்கு மாத்திரையைவிடத் திரவமாக வரும் பைரன்டெலோ ஃபென்பெண்டசோலோ எளிது. பாலூட்டும் தாய்க்கும் அதே நேரத்தில் சிகிச்சை வேண்டும். கருவுற்றிருக்கும் பூனைக்கு எந்த மருந்தானாலும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். வளர்ந்த பூனை வெளியே சென்று வேட்டையாடினால் ஆண்டுக்கு நான்கு முறையாவது தேவை. அடுக்குமாடி வீட்டை விட்டு இறங்காத பூனைக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். அதுவும் வேண்டாம் என்று விட்டுவிட முடியாது, பல்லியும் கரப்பான்பூச்சியும் உருண்டைப்புழுவின் இளம்பருவத்தை வீட்டுக்குள்ளேயே சுமந்து வரும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை வெளிவந்த உடனே தொற்றாது, அந்த நிலையை எட்டச் சில வாரங்கள் ஆகும்; அன்றன்று அகற்றிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது.

மருந்தைச் செலுத்தும் முறை

சொட்டு மருந்தைத் தோள்பட்டைக்கு நடுவில் விடுவதைவிட, தலையின் அடிப்பகுதியில், பூனையின் நாக்கு எட்டாத பிடரியில் விடுவது பாதுகாப்பானது. முடியை இரு விரலால் விலக்கி, வெளிறிய தோல் தெரிந்ததும், குழலின் நுனியை அங்கே வைத்து முழுவதையும் அழுத்துங்கள். முடியின் மேல் வழிந்த மருந்து பாதிதான் வேலை செய்யும். நக்கிவிட்டால் கசப்பினால் நுரை தள்ளும்; பூனைக்கான மருந்தாக இருந்து சற்று நேரத்தில் அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில் வைத்து வாயை மூடியபின், ஊசியில்லாத சிரிஞ்சால் சில மில்லி நீரைக் கடைவாய் வழியாக மெதுவாகக் கொடுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டாமல் இறங்கும். பிராசிகுவாண்டல் மிகக் கசப்பு என்பதால், பொடித்து மீனில் கலந்தால் பல பூனைகள் அந்தத் தட்டையே திரும்பிப் பார்க்காது.

வீட்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்

ஒரு பெண் தெள்ளு இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முட்டை வரைகூட இடும். அவை பூனை படுத்து எழும் இடமெல்லாம் உதிரும். பூனையின் மேல் தெரியும் தெள்ளுகள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதமே. மற்றவை முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகக் கட்டிலுக்கு அடியிலும் சோபா இடுக்கிலும் மிதியடியிலும் இருக்கின்றன. நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இந்தச் சுழற்சி மூன்று வாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். குளிர்காலம் வந்து அறுக்கும் என்று எதிர்பார்க்கவும் வழியில்லை. கூட்டுப்புழுவை எந்தப் பூச்சிமருந்தும் எளிதில் ஊடுருவாது. அதனால் சரியான மருந்தைப் போட்ட பிறகும் சில வாரங்களுக்குப் புதிய தெள்ளுகள் தோன்றிக்கொண்டே இருக்கும். அந்த வாரங்களில் மருந்தை மாற்றாமல் மூன்று மாதமாவது தொடர்வதும், வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில் அவரவர்க்கு உரிய மருந்தைப் போடுவதும்தான் வழி.

படுக்கைத் துணிகளை வாரம் ஒரு முறை சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கயிற்றுப் பாய், சாக்கு, கம்பளம் ஆகியவற்றை வெயிலில் விரித்துத் தட்டுங்கள். தெள்ளின் புழுப்பருவம் உலர்ந்த சூட்டைத் தாங்காது. வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் அதிர்வே கூட்டுப்புழுக்களைப் பொரிக்கச் செய்யும். பொரிந்தவை மருந்து போட்ட பூனையின் மேல் ஏறி மடியும்.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் பெரும்பாலான சொட்டு மருந்துகள் பொருந்தா. குட்டியைச் சீப்பால் வாரி, அகப்படும் தெள்ளைச் சோப்பு நீர்க் கிண்ணத்தில் அமிழ்த்துவதை நாள்தோறும் செய்ய வேண்டும். மேலுதட்டை விலக்கி ஈறுகளைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய அவை வெளுத்து, குட்டியும் துவண்டு பால் குடிக்காமல் கிடந்தால், தெள்ளு குடித்த இரத்தத்தால் சோகை முற்றிவிட்டது என்று பொருள். அப்போது கடையில் மருந்து தேடாமல், குட்டியைக் கதகதப்பாகச் சுற்றி அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் ஏற்ற வேண்டிய நிலையிலும் அது இருக்கலாம்.